இறங்க மறுக்கும் ஸ்பெயர் சில்லு: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

ஹைலக்ஸ், எல்200, நவாரா, ரேஞ்சர், டி-மேக்ஸ் போன்ற டபிள் கெப் வாகனங்களிலும், ஃபோர்ச்சூனர், லேண்ட் குரூஸர் 200, டிஸ்கவரி 3, டிஸ்கவரி 4 ஆகியவற்றிலும் ஸ்பெயர் சில்லு பின்பக்கத்து அடியில் தொங்குகிறது. மொண்டெரோவும் பழைய டிஃபெண்டரும் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. அவர்களுடைய சில்லு பின்கதவில், கண்முன்னே இருக்கிறது. அடியில் தொங்குவதை யாரும் குனிந்து பார்ப்பதில்லை. நானும் பார்க்கவில்லை. எங்கள் வீடு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து மரைன் டிரைவுக்கு இறங்கும் ஒரு ஒழுங்கையில். கடல் காற்று இரவு முழுக்க வாகனத்தின் அடியைத் தடவிக்கொண்டே இருக்கும். மேலே பெயிண்ட் பளபளவென்று இருக்கும்போதே கீழே அந்தச் சில்லைத் தாங்கும் சங்கிலி கறள் பிடித்துக்கொண்டிருக்கும்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. அந்த ஐந்து வருட இடைவெளியில் கொழும்பில் எல்லோரும் இருந்த வாகனத்தையே பார்த்துப் பார்த்து ஓடினோம். எஞ்சினுக்கு எண்ணெய் மாற்றினோம், பிரேக் போட்டோம். இந்தச் சங்கிலியை மட்டும் மறந்துபோனோம். அதனால்தான் இப்போது ரயர் கடைகளில் ‘ஸ்பெயர் இறங்குதில்லை’ என்று வருகிறவர்கள் அதிகமாகக் கண்ணில் படுகிறார்கள்.

முதலில் அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதிப் பிழையைக் காதாலேயே கண்டுபிடிக்கலாம். சட்டத்தின் குறுக்குத் துண்டில் ஒரு சிறிய வின்ச் பூட்டியிருக்கும். அதற்குள்ளிருந்து சங்கிலி அல்லது உருக்குக் கேபிள் கீழே வரும். நுனியில் கையகலத்துக்கு ஒரு தட்டு. அந்தத் தட்டு சில்லின் நடு ஓட்டைக்குள்ளால் போய், அடியில் குறுக்காக நின்று முழுப் பாரத்தையும் தாங்குகிறது. ஜக்கோடு வரும் இரண்டு மூன்று கம்பித் துண்டுகளைப் பொருத்தி, நம்பர் பிளேட் பக்கமாக இருக்கும் துவாரத்தால் விட்டு வின்ச்சைத் திருப்ப வேண்டும். மணிக்கூட்டு முள்ளுக்கு எதிராகத் திருப்பினால் இறங்கும், முள் போகும் பக்கம் திருப்பினால் ஏறும். டிஸ்கவரி 3, 4 இரண்டிலும் திருப்பும் இடம் வெளியே இல்லை. பின்பக்கம் சாமான் வைக்கும் தளத்தில் ஒரு மூடிக்குக் கீழே இருக்கிறது. முழுவதும் ஏறியதும் பல வின்ச்சுகள் ‘டக், டக்’ என்று சத்தம் போட்டு, இனிமேல் இறுக்காதே என்று சொல்லும். அந்தச் சத்தத்தை நினைவில் வைத்திருங்கள். பின்னால் தேவைப்படும்.

கம்பியைக் கையில் எடுக்க முன்

வாகனம் சமதரையில், தன்னுடைய நான்கு சில்லிலும் நிற்க வேண்டும். ஹேண்ட் பிரேக் போட்டு, கியரில் விட்டு, முன் சில்லுக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். ஸ்பெயரை இறக்கிய பிறகுதான் ஜக் போட வேண்டும், முதலில் ஜக் போட்டுவிட்டு அடியில் குனியக்கூடாது. ஒரு சில்லும் ரயரும் சேர்ந்து சுமார் 30 கிலோ வரும். அது ஒரு கறள் பிடித்த சங்கிலியில் தொங்குகிறது என்றால், அதன் கீழே கையோ காலோ தலையோ எந்தக் காரணத்துக்காகவும் போகக்கூடாது. கீழே பார்க்க வேண்டுமா? போனை வீடியோவில் போட்டு, ஒரு தடியில் கட்டி உள்ளே நீட்டிப் பாருங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன்.

காற்றுப் போனது பின் சில்லு என்றால், அதுவும் பின்னால் சாமான் ஏற்றியிருந்தால், வாகனம் தாழ்ந்து நிற்கும். ஸ்பெயர் தரையில் வந்தாலும் வெளியே இழுக்க இடம் போதாது. அப்போது காற்றுப் போன சில்லை ஒரு தடித்த பலகையின் மேலோ தட்டையான கல்லின் மேலோ மெதுவாக ஏற்றி நிறுத்துங்கள். ரயர் ஏற்கெனவே கெட்டதுதான், ஒரு முழம் ஓடுவதால் புதிதாகக் கெடப்போவதில்லை.

கம்பி உள்ளே போகிறது, ஆனால் எதிலும் பிடிக்கவில்லை

பெரும்பாலும் சேறுதான். துவாரத்துக்கும் வின்ச்சுக்கும் இடையில் ஒரு குழாய் இருக்கும், அல்லது புனல் போன்ற ஒரு வழிகாட்டி இருக்கும். மழைக்காலத்தில் ஓடிய சேறு அதற்குள் போய்க் காய்ந்து சீமெந்து மாதிரி ஆகியிருக்கும். நீளமான ஸ்க்ரூ ட்ரைவரால் குத்தி எடுத்துவிட்டு, போத்தல் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். டோர்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே வின்ச்சின் வாய் தெரிய வேண்டும்.

சேறில்லை என்றால் கம்பியைப் பாருங்கள். துண்டுகள் ஒன்றுக்குள் ஒன்று சரியாகப் பூட்டாவிட்டால் நுனி ஆடிக்கொண்டு நழுவும். நுனி வளைந்திருக்கலாம். முந்திய சொந்தக்காரர் ஜக்கையும் கம்பியையும் வேறு வாகனத்துக்கு மாற்றியிருக்கவும் கூடும். பழைய வாகனம் வாங்கும்போது யாரும் ஜக் கம்பியைச் சரிபார்ப்பதில்லை. வின்ச்சின் வாயும் கம்பியின் நுனியும் ஒரே வடிவமா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சில வாகனங்களில் அந்தத் துவாரத்துக்கே சாவி போடும் பூட்டு உண்டு. அதைத் திறக்காமல் கம்பியோடு மல்லுக்கட்டுகிறவர்களைக் கண்டிருக்கிறேன்.

கம்பி பிடிக்கிறது, ஆனால் திரும்பவில்லை

முதலில் திசையைப் பாருங்கள். பதற்றத்தில், இருட்டில், பின்னால் லொறி ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு போகும்போது, எதிர்ப்பக்கம் திருப்பி இறுக்கிவிடுவது மிகவும் சாதாரணம்.

திசை சரியென்றால் கறள். இங்கேதான் பொறுமை வேண்டும். கறளை இளக்கும் ஸ்ப்ரே இருந்தால் வின்ச்சின் வாய்க்குள்ளும், சங்கிலி வெளியே வரும் இடத்திலும் நன்றாக அடியுங்கள். டபிள்யூ.டி. 40 பரவாயில்லை. அதைவிட, கறள் இளக்குவதற்கென்றே விற்கும் ஸ்ப்ரே நல்லது. ஒன்றும் இல்லையென்றால் டீசல் அல்லது மண்ணெண்ணெய். அடித்தவுடனே திருப்பாதீர்கள். குறைந்தது 15 நிமிடம் விடுங்கள், வீட்டில் என்றால் ஒரு இரவு விடுங்கள். பிறகு இறக்கும் பக்கம் மட்டும் திருப்பிக்கொண்டிராமல், ஏற்றும் பக்கம் கொஞ்சம், இறக்கும் பக்கம் கொஞ்சம் என்று முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஒரு மயிரிழை அசைந்தாலே போதும், அங்கேயிருந்து கூட்டிக்கொண்டு போகலாம்.

செய்யக்கூடாதவை இரண்டு. கம்பியின் கைப்பிடியில் நீளமான இரும்புக் குழாய் கோத்து முறுக்காதீர்கள். வின்ச் திரும்பாது, கம்பிதான் கயிறு மாதிரி முறுகும். என் கம்பியின் நடுத்துண்டில் அந்த முறுக்கு இன்னும் இருக்கிறது. அப்புறம், ரயர் கடையில் நட்டுக் கழற்றும் காற்றுத் துப்பாக்கியை இதில் பிடிக்க விடாதீர்கள். வேகமாக இறங்கட்டும் என்று செய்வார்கள். உள்ளே இருக்கும் சின்னப் பல்லுகள் அந்த அடியைத் தாங்காது. கையால் திருப்புவதற்கென்று செய்ததைக் கையால்தான் திருப்ப வேண்டும்.

கம்பி திரும்புகிறது, சில்லு மட்டும் இறங்கவில்லை

எல்லாவற்றிலும் ஆபத்தான அறிகுறி இது. இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் என் கை இதில் தப்பியது.

சில வருடங்களுக்கு முன் ஒரு இரவு, அம்மாவை யாழ்ப்பாணத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். புத்தளம் தாண்டி அநுராதபுரம் போகும் ஏ12 வீதியில், நொச்சியாகமவுக்குக் கிட்ட, பின் இடது சில்லு காற்றுப் போய்விட்டது. யானை வரும் இடம். அம்மாவை உள்ளே இருக்கச் சொல்லிவிட்டுக் கம்பியைப் போட்டேன். பிடித்தது, திரும்பியது, இலேசாகவே திரும்பியது. பத்து, பதினைந்து சுற்று. குனிந்து பார்த்தால் சில்லு இருந்த இடத்திலேயே இருக்கிறது. சங்கிலி அதற்கு மேலே தளர்ந்து வளையமாகக் கிடக்கிறது. சில்லு எங்கேயோ ஒட்டியிருக்கிறது என்று நினைத்து, கையை உள்ளே விட்டு ரயரை இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை.

அந்த நேரம் யாழ்ப்பாணத்திலிருந்து வெங்காயம் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போன லொறி ஒன்று நின்றது. இறங்கி வந்த அண்ணை டோர்ச்சை அடியில் ஒருமுறை அடித்தார். அவ்வளவுதான். என் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்.

“தம்பி, கையை எடும். சங்கிலி தளந்து கிடக்குது. இப்ப அது கறள்லதான் தொங்குது.”

அவர் சொன்னது அப்படியே உண்மை. சில்லின் நடுப்பகுதி, மேலே அது முட்டி நிற்கும் இரும்போடு கறளும் சேறுமாக ஒட்டிவிட்டிருந்தது. நான் திருப்பத் திருப்பச் சங்கிலி வெளியே வந்ததே தவிர, பாரம் சங்கிலிக்கு மாறவில்லை. அந்தக் கறள் விட்டுக்கொடுத்தால் 30 கிலோவும் ஒரே அடியாக, தளர்ந்த சங்கிலியின் நீளத்துக்கு விழும். என் கை இருந்தது அதற்கு நேர் கீழே.

அவர் செய்த ஒழுங்கையே நான் இன்றுவரை சொல்கிறேன். முதலில் கம்பியை ஏற்றும் பக்கம் திருப்பித் தளர்ந்த சங்கிலியை முழுவதும் உள்ளே எடுத்தார். ‘டக்’ என்று வந்தது. பிறகு நாலே சுற்று இறக்கினார், நாலு விரல் இடைவெளிக்கு மட்டும் சங்கிலி தளரும்படி. இப்போது சில்லு விடுபட்டாலும் அவ்வளவுதான் விழும், சங்கிலி பிடித்துக்கொள்ளும். லொறியிலிருந்து ஒரு நீளமான சவுக்குத் தடி எடுத்து வந்தார். வாகனத்தின் பக்கவாட்டில், வெளியே நின்றுகொண்டு, தடியை ரயருக்கும் சட்டத்துக்கும் இடையில் கொடுத்து நெம்பினார். ஒரு பக்கம், மற்றப் பக்கம், திரும்ப முதல் பக்கம். நான் ஒரு போத்தலில் டீசல் எடுத்து அந்தத் தொடுப்பில் தெளித்துக்கொண்டிருந்தேன். ஐந்து நிமிடமோ பத்து நிமிடமோ தெரியாது. ‘டொம்’ என்று ஒரு சத்தம். சங்கிலி விறைத்தது. செங்கல் பொடி மாதிரி கறள் கொட்டியது. அதன் பிறகு கம்பியைத் திருப்பச் சில்லு எண்ணெய் போட்ட மாதிரி இறங்கியது.

தடி இல்லையென்றால் பக்கத்தில் உட்கார்ந்து காலால் ரயரின் ஓரத்தில் உதைக்கலாம், ஆனால் கால் ரயரின் பக்கத்தில்தான் படவேண்டும், கீழே போகக்கூடாது. சில்லுக்கு அடியில் ஜக்கைப் பலகையோடு வைத்துத் தொடுகிற அளவுக்கு ஏற்றி வைத்தால் இன்னும் பாதுகாப்பு. விழுந்தாலும் ஜக்கில் உட்காரும். கராஜில் இரும்பு ரிம்மைச் சுத்தியலால் அடித்து எடுப்பார்கள். அலோய் ரிம் என்றால் சுத்தியலைக் கிட்டவும் கொண்டுபோகாதீர்கள், வெடித்துவிடும்.

இதே அறிகுறிக்கு இன்னொரு காரணமும் உண்டு. சில வின்ச்சுகளில், சங்கிலியோ கேபிளோ அறுந்தால் சில்லு வீதியில் விழாமல் தடுக்க இரண்டாவது கொக்கி ஒன்று இருக்கும். சில்லு சரியாக முழுவதும் ஏறாமல் நின்றிருந்தால் அந்தக் கொக்கி மாட்டிக்கொண்டு விடாது. முதலில் ‘டக், டக்’ வரும்வரை முழுவதும் ஏற்றிவிட்டு, பிறகு நிறுத்தாமல் இறக்கிப் பாருங்கள். பல தடவை அதுவே போதும்.

கம்பி சும்மா சுற்றுகிறது, சங்கிலியே வரவில்லை என்றால் வின்ச்சின் உள்ளே பல்லு போய்விட்டது. வீதியில் நிற்கும்போது இதற்கு ஒரு வழிதான்: சங்கிலியை வெட்டுவது. வாகனம் நான்கு சில்லில் நிற்கட்டும். ஸ்பெயருக்கு அடியில் ஜக்கும் பலகையும் வைத்துப் பாரம் முழுவதையும் ஜக்குக்கு மாற்றுங்கள். பிறகு பக்கத்தால் ஹெக்சோ வாளை விட்டுச் சங்கிலியை அறுத்து, ஜக்கை மெதுவாக இறக்குங்கள். சங்கிலி போனால் போகட்டும், வின்ச் எப்படியும் மாற்ற வேண்டியதுதான். காற்றுப் போன சில்லைப் பின்தொட்டியிலோ சாமான் இடத்திலோ கட்டிக்கொண்டு வாருங்கள்.

பாதியில் நின்றுவிட்டது

சங்கிலி முறுகியிருக்கும். மேலே ஏற்றி, மறுபடி இறக்குங்கள். இரண்டு மூன்று தரம் செய்தால் தானாக நேராகும். கேபிள் என்றால் உருளையில் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிச் சிக்கியிருக்கும். இதற்கும் அதே வைத்தியம்தான். ஆனால் கேபிளின் இழை ஒன்றிரண்டு அறுந்து முள்ளுமாதிரி நின்றால், அன்றைக்கு வேலையை முடித்துக்கொண்டு வின்ச்சை மாற்றிவிடுங்கள். அதில் திரும்பவும் சில்லைத் தொங்கவிடாதீர்கள்.

தரையில் வந்துவிட்டது, வெளியே எடுக்க முடியவில்லை

சங்கிலியை இன்னும் கொஞ்சம் விடுங்கள். அவசரத்தில் சில்லு தரையைத் தொட்டதும் நிறுத்திவிடுவோம். தட்டைச் சாய்த்து எடுக்க ஒரு சாண் தளர்ச்சியாவது வேண்டும். சில்லை வாகனத்தின் அடியிலிருந்து பின்பக்கமாக வெளியே இழுத்து, ஓரத்தை நிமிர்த்தி, தட்டைச் சங்கிலியோடு சமாந்தரமாகத் திருப்பி, நடு ஓட்டையால் கழற்றுங்கள். தட்டுக் கறளில் ஒட்டியிருந்தால் சில்லை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு பின்புறமிருந்து கட்டையால் தட்டினால் விடும்.

கழற்றுவதற்கு முன் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். சில்லின் எந்தப் பக்கம் மேலே பார்த்திருந்தது, காற்று அடிக்கும் வால்வ் எந்தப் பக்கம் என்பது வாகனத்துக்கு வாகனம் வேறுபடும். திரும்ப ஏற்றும்போது இந்தப் படம் இல்லாமல்தான் அடுத்த பிழை தொடங்குகிறது.

ஏற்ற முடியவில்லை, அல்லது கோணலாக ஏறுகிறது

தட்டுச் சில்லின் நடுவில் சமமாக உட்காரவில்லை. பத்துக்கு எட்டுத் தடவை இதுதான். சில்லைச் சற்று ஏற்றி, தரையிலிருந்து ஒரு விரல் உயர்ந்ததும் நிறுத்தி, பக்கத்தால் பாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் இறக்கி, தட்டை மீண்டும் வையுங்கள். இறக்கியது இரும்பு ரிம், ஏற்றுவது அலோய் ரிம் என்றால் நடு ஓட்டையின் அளவும் ஆழமும் வேறாக இருக்கலாம். தட்டு அதில் பிடிக்கவே பிடிக்காது. அப்படியானால் வற்புறுத்தாதீர்கள், அந்தச் சில்லைப் பின்னால் தொட்டியில் போட்டுக்கொண்டு ரயர் கடைக்குப் போங்கள்.

பெரிய ரயர் போட்டவர்களுக்குத் தனியாக ஒரு சொல். காட்டு வழிக்கென்று உயரமான, அகலமான ரயர் நான்கு மாற்றிவிட்டு, ஸ்பெயரைப் பழைய அளவிலேயே விட்டுவிடுகிறோம். வீதியில் காற்றுப் போன பெரிய சில்லை அந்தச் சின்ன இடத்தில் ஏற்றப் பார்த்தால் சைலன்ஸரிலோ சட்டத்திலோ இடிக்கும். அளவு வேறான ஸ்பெயரைப் போட்டுக்கொண்டு தார் வீதியில் நான்கு சில்லு ஓட்டத்தை இணைக்கவும் கூடாது. கியர்ப் பெட்டிதான் விலை கொடுக்கும். ஐந்து ரயரும் ஒரே அளவாக வாங்குங்கள், அடியில் அது ஏறுகிறதா என்று கடையிலேயே ஒருமுறை ஏற்றிப் பாருங்கள்.

ஏறிவிட்டது, ஓடும்போது ‘கட கட’ என்கிறது

நிறுத்துங்கள். இதை வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம் என்று விடாதீர்கள். வீதியில் பின்னால் மோட்டார் சைக்கிளில் வருகிறவருக்கு முன்னால் அந்தச் சில்லு விழுந்தால் என்ன நடக்கும் என்று நான் விளக்கத் தேவையில்லை.

‘டக், டக்’ கேட்கும்வரை ஏற்றினீர்களா? ஏற்றிய பின் ரயரின் ஓரத்தைப் பிடித்துப் பலமாக ஆட்டிப் பாருங்கள். சில்லு வாகனத்தோடு சேர்ந்துதான் ஆட வேண்டும், தனியாக ஆடக்கூடாது. காற்றுப் போன ரயரை ஏற்றினால் அது மெத்தென்று இருக்கும், இறுகுவதாகத் தோன்றிப் பிறகு தளரும். அதனால் 10 கிலோமீற்றர் ஓடியதும் ஒருமுறை இறங்கி, கம்பியால் இன்னும் ஒரு சுற்று இறுகுகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்காக ‘டக், டக்’ வந்த பிறகும் பலம் போட்டு இறுக்காதீர்கள். இந்த வின்ச்சுகளில் பாதி கறளால் கெடுகிறது, மீதி இப்படி இறுக்கிக் கெடுகிறது.

எல்லாம் சரியாக இறங்கியது, ஆனால் சில்லில் காற்றில்லை

இதற்கு வீதியில் மருந்தில்லை. காற்று அடிக்கும் போதெல்லாம் நான்குக்குத்தான் அடிக்கிறோம். அடியில் தொங்கும் ஐந்தாவதைக் கேட்டால் பெற்றோல் செட்டில் நிற்கும் தம்பி முகம் சுளிப்பார், ஆனாலும் கேளுங்கள். பின்சில்லுக்குரிய அளவைவிடச் சற்றுக் கூட்டியே அடித்து வைக்கலாம். குறைப்பது இலேசு, வீதியில் கூட்டுவதுதான் கஷ்டம்.

வயதையும் பாருங்கள். ரயரின் பக்கத்தில் டி.ஓ.டி. என்று தொடங்கும் எழுத்துகளின் கடைசியில் நான்கு இலக்கம் இருக்கும். 2417 என்றிருந்தால் அது 2017 ஆம் ஆண்டின் 24 ஆவது வாரத்தில் செய்தது. ஒருநாளும் ஓடாத ரயர் என்பதால் புதியது என்று நினைக்க வேண்டாம். நொச்சியாகமவில் என் ஸ்பெயர் கடைசியில் இறங்கியபோது பக்கச் சுவரில் மெல்லிய வெடிப்புகள், காய்ந்த வயல் நிலம் மாதிரி. அண்ணை அதை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “நாப்பதுக்கு மேல ஓடாதையும்” என்றார். அநுராதபுரம் வரை நாற்பதிலேயே போனேன்.

வின்ச் மாற்றுவதென்றால்

பஞ்சிகாவத்தைக்குப் போங்கள், மருதானைக்குப் பக்கம். புதியதும் கிடைக்கும், ஜப்பானிலிருந்து வந்த பழையதும் கிடைக்கும். உங்களுடையதைக் கழற்றிக் கையோடு கொண்டுபோவதுதான் புத்தி. மாடல் வருடத்தைச் சொன்னால் மட்டும் போதாது, போல்ட் ஓட்டைகளின் இடைவெளியை இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். வின்ச் சட்டத்தில் சில போல்ட்டுகளில்தான் நிற்கிறது, ஆனால் அவையும் கறள் பிடித்திருக்கும். முதல் நாளே எண்ணெய் விட்டு வையுங்கள்.

பழையதை வாங்கினால் காசு கொடுக்குமுன் கடையிலேயே சங்கிலி முழுவதையும் வெளியே விடச் சொல்லுங்கள். மேலே சுற்றியிருக்கும் பகுதி எப்போதும் நன்றாகத்தான் இருக்கும். சேறும் தண்ணீரும் தேங்குவது தட்டுக்குக் கிட்டே இருக்கும் கடைசி ஒரு சாண் நீளத்தில். அங்கே வளையங்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பாருங்கள். ஒன்று விறைத்து நின்றாலோ மெலிந்திருந்தாலோ வேண்டாம்.

நான் இப்போது செய்வது

வருடத்துக்கு இரண்டு முறை ஸ்பெயரை இறக்குகிறேன். சித்திரைப் புத்தாண்டுக்கு ஊருக்குப் போகுமுன் ஒருமுறை, தீபாவளிக்கு முன் ஒருமுறை. முதலாவது, மே மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்க முன். இரண்டாவது, வடக்கில் மாரி மழை பிடிக்க முன். முழுவதும் இறக்கி, சங்கிலியைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, பழந்துணியால் துடைத்து, எண்ணெய் ஸ்ப்ரே அடிக்கிறேன். தடித்த கிறீஸ் பூசுவதில்லை. அது மணலைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. சில்லும் மேலே இரும்பும் முட்டும் இடத்தில் மட்டும் கிறீஸை மெல்லிய பூச்சாகப் பூசுகிறேன், அன்று இரவு ஒட்டிய இடம் அதுதான். கல்பிட்டி, மன்னார்ப் பக்கம் போய்க் கடற்கரை மணலில் ஓடியிருந்தால் வந்தவுடனே அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவுகிறேன்.

சேர்விஸுக்கு விடும்போது எழுதியே கொடுங்கள்: ஸ்பெயரை இறக்கி ஏற்றவும், காற்றுப் பார்க்கவும். எனக்கு ஒவ்வொரு முறையும் சேர்விஸ் செய்த கராஜ், ‘அடிப்பக்கம் பார்த்தாயிற்று’ என்று சீட்டில் அடையாளம் போட்டுத்தான் தந்தது. நொச்சியாகம இரவுக்கு முந்திய ஏழு வருடத்தில் ஒருமுறையும் அந்தச் சங்கிலி அசைந்திருக்கவில்லை. இறக்கினார்களா என்று அறிய ஒரு சின்ன வழி உண்டு. துவாரத்தின் வாயில் இருக்கும் சேற்றைப் பாருங்கள். கம்பி போயிருந்தால் அங்கே தடம் இருக்கும்.

கள்ளருக்குப் பயந்து ஸ்பெயருக்குச் சங்கிலியும் ஆமைப் பூட்டும் போட்டிருப்பவர்கள் இதையும் அதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பூட்டுக்கும் வருடத்துக்கு இரண்டு முறை எண்ணெய் வேண்டும், சாவி வீட்டு அலுமாரியில் இருக்கக்கூடாது. நான் அதை ஜக் கம்பியோடு சேர்த்துத் துணியில் சுற்றிப் பின் இருக்கைக்குக் கீழே வைத்திருக்கிறேன். அம்மாவுக்கும் இடம் தெரியும்.